ஒண்டிக்குடித்தனக் கணினிகள்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் விடாத மழை. பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, திருநெல்வேலி அண்ணாச்சி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். இங்கே ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, எங்க அம்மா பேசினது உங்க மிஷின்ல இருக்குன்னு எப்பவோ சொன்னீங்கள்ல? அதை ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு."

"இருக்கு அண்ணாச்சி, அடுத்த வாரம் வீட்டுக்கு வாங்க" என்றேன். அந்த "இருக்கு" என்ற ஒரு சொல்லைத் தைரியமாகச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நடுவில் கொஞ்சம் பழைய சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன். தங்கமணி படித்துப் பார்த்து "பரவாயில்லை" என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன் :-)

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே கணினிக்குள் பல கணினிகள் இருப்பது போலக் காட்டுவதுதான் மெய்நிகர் சர்வர். நம் ஊரில் ஒண்டிக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு பெரிய வீடு, உள்ளே நாலைந்து போர்ஷன், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. வீட்டுக்காரர் ஒருத்தர்தான். யாருக்கு எந்த அறை, எவ்வளவு தண்ணீர், மின்சார மீட்டர் எப்படி என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கணினியில் இந்த வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். உள்ளே குடியிருக்கும் ஒவ்வொரு இயங்குதளமும் முழு வீடும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதுதான் இதில் வேடிக்கை.

இதை நேற்று வந்த தொழில்நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இதற்கு அறுபது வயது. பிறந்ததும் பணக் கஷ்டத்தில்தான்.

1960-களில் கணினி என்றால் ஒரு ஹால் நிறைய இரும்பு. விலை கோடிக்கணக்கில். ஒரு ஆளுக்கு ஒன்று என்பது கனவிலும் நடக்காது. ஆகவே ஒன்றையே பலர் பகிர்ந்துகொள்ள வழி தேடினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில், ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் ஓர் அறிவியல் மையம் தொடங்கியது. பக்கத்திலேயே எம்.ஐ.டி. அந்த வருஷம்தான் எம்.ஐ.டி. தன் பெரிய நேரப்பகிர்வுத் திட்டத்துக்கு ஐ.பி.எம்.மை விட்டுவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தது. ஐ.பி.எம்.முக்கு அது பெரிய அடி. அந்த மையத்தில் ராபர்ட் கிரீசி என்பவர் தலைமையில் ஒரு சின்னக் குழு வேறு வழியில் யோசித்தது. ஆயிரம் பேருக்கு ஒரே பெரிய இயங்குதளம் எழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியைக் கொடுத்துவிட்டால் என்ன? நிஜக் கணினி இல்லை, கணினி மாதிரி ஒன்று.

அப்படி வந்ததுதான் சி.பி.-40. சிஸ்டம்/360 வரிசையில் மாடல் 40 என்ற நடுத்தரக் கணினியை எடுத்து, அதில் கொஞ்சம் வன்பொருள் மாற்றம் செய்து, 1967 ஜனவரியில் ஓட்டினார்கள். ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றுக்கும் 256 கே நினைவகம் இருப்பதாகக் காட்டியது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த மாடல் 40-இல் போடக்கூடிய உச்ச நினைவகமே 256 கேதான்! ஒரு வீட்டில் பதினான்கு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு வீடும் வாடகைக்கு விட்ட கணக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் கூடத்துக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இது ஓடுகிறது. இன்றைக்கும் மலிவு சர்வர் வியாபாரம் முழுவதும் அதே நம்பிக்கையில்தான் நடக்கிறது.

அடுத்து சி.பி.-67 வந்தது. 1968-இல் அமெரிக்காவில் நேஷனல் சி.எஸ்.எஸ். போன்ற கம்பெனிகள் இதை வைத்துக் கணினி நேரத்தை வாடகைக்கு விட ஆரம்பித்தன. இன்று நாம் மாத வாடகைக்கு எடுக்கும் சின்ன சர்வர்களுக்கு இவர்கள்தான் பாட்டன் முப்பாட்டன். 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். வி.எம்./370 என்ற பெயரில் இதை முறையாக அறிவித்தது. அதன் வாரிசு இன்றும் பெரிய கணினிகளில் ஓடுகிறது.

இங்கே நம்ம ஊர்ச் சம்பந்தம் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட கணினி ஐ.பி.எம். 370/155. இந்த மாடல் 1970-இல் வெளிவந்தபோது மெய்நிகர் நினைவகத்துக்கான முகவரி மாற்றும் பெட்டி அதில் கிடையாது. இரண்டு வருஷம் கழித்து, "இனி எல்லாமே மெய்நிகர்" என்று ஐ.பி.எம். அறிவித்தபோது, 155-ஐ ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கியவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெட்டியை மட்டும் தனியாகச் சேர்க்க லட்சக்கணக்கில் டாலர் கேட்டார்கள். புது வசதி வேண்டும் என்றால் பழைய இரும்பைத் தூக்கிப் போடு, அல்லது மேலே பணம் கட்டு. இந்தப் பாட்டு திரும்பத் திரும்ப வரும், பாருங்கள்.

எண்பதுகளில் பி.சி. வந்தது. விலை விழுந்தது. ஒரு வேலைக்கு ஒரு பெட்டி என்று வாங்கி அடுக்க ஆரம்பித்தார்கள். மெயிலுக்கு ஒன்று, வலைத்தளத்துக்கு ஒன்று, டேட்டாபேசுக்கு ஒன்று. பெரும்பாலும் எல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஒண்டிக்குடித்தனத்தை மறந்து, ஆளுக்கொரு பங்களா கட்டி, பத்தில் ஒன்பது அறையைப் பூட்டி வைத்த கதை.

திரும்ப அந்தப் பழைய வித்தையைப் பி.சி.யில் செய்யலாம் என்றால், சிப் இடம் கொடுக்கவில்லை. இது சாத்தியமாக ஒரு சிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974-லேயே இலக்கணம் எழுதி வைத்திருந்தார்கள். இன்டெல் பென்டியம் அந்த இலக்கணத்துக்கு உட்படவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமலே குடித்தனக்காரர் செய்யக்கூடிய காரியங்களாக 17 கட்டளைகள் அதில் இருந்ததாக 2000-இல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது.

அதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்பிளம் குழுவினர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அவரும் அவர் மனைவி டையன் கிரீனும் இன்னும் மூவரும் சேர்ந்து 1998-இல் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஏடாகூடமான கட்டளைகளை ஓடும்போதே பிடித்து, வேறு கட்டளையாக மொழிபெயர்த்து ஓட்டும் வித்தை. 1999-இல் மேசைக் கணினிக்கான பதிப்பு வந்தது, 2001-இல் சர்வருக்கானது. நன்றாக ஓடியது. ஆனால் சர்வர் பதிப்பின் விலை நம்மைப் போன்றவர்கள் ஏறெடுத்துப் பார்க்கும் விலையில்லை.

காசில்லாதவர்கள் வேறு பாதையில் போனார்கள். வீட்டை முழுசாகப் பிரிக்க வேண்டாம், சமையலறை ஒன்றே இருக்கட்டும், படுக்கையறையை மட்டும் தடுப்போம் என்பது அவர்கள் யோசனை. 2000-இல் ஃப்ரீ பி.எஸ்.டி. இயங்குதளத்தில் வந்த 'ஜெயில்' வசதி, ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியின் தேவையிலிருந்து பிறந்தது. லினக்ஸில் 2001-இல் வி-சர்வர், 2005-இல் ஓபன்வி.இசட். எல்லாம் இதே வகை. இதைத்தான் இன்று கன்டெய்னர் என்கிறோம். எல்லாருக்கும் கெர்னல் ஒன்றே என்பதால் நினைவகச் செலவு மிகக் குறைவு. 64 எம்.பி., 128 எம்.பி. ரேமில்கூட ஒரு குடித்தனம் நடத்தலாம். மலிவு சர்வர் என்ற வியாபாரமே இதில்தான் தழைத்தது.

இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் இன்னொரு கேம்பிரிட்ஜ். அங்கே பல்கலைக்கழகத்தில் இயன் பிராட் குழுவினர் 2003-இல் ஜென் என்பதை வெளியிட்டார்கள். முழுக்க இலவசம். குடிவருபவர் "நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டு, வீட்டுக்காரரைக் கேட்டுக் காரியம் செய்தால் மொழிபெயர்ப்புச் செலவே வேண்டாம் என்பது அதன் சூட்சுமம். 2006 ஆகஸ்டில் அமேசான் தன் ஈ.சி.2 சேவையை இந்த ஜென் மேல்தான் தொடங்கியது. மணிக்கு 10 சென்ட்.

வெளியூரில் பிழைக்கும் நமக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஈ.சி.2-வை உருவாக்கிய குழு அமெரிக்காவில் இல்லை. அமேசானில் வேலை பார்த்த கிறிஸ் பிங்கம் என்ற தென்னாப்பிரிக்கர் ஊருக்கே திரும்பிப் போக ஆசைப்பட்டார். அவரை இழக்க மனமில்லாத கம்பெனி, கேப் டவுனிலேயே ஓர் அலுவலகம் போட்டுக் கொடுத்தது. அங்கே உட்கார்ந்து அவர் குழு கட்டியதுதான் அது. ஊருக்குப் போகணும் என்று ஒரு மனுஷன் ஏங்கியதற்கு இவ்வளவு பெரிய பலன்! இதைத் தங்கமணியிடம் சொன்னால் "நீங்களும் கோவில்பட்டியில ஆபீஸ் போடச் சொல்லிக் கேளுங்க" என்கிறாள்.

மணிக்கு 10 சென்ட் என்பது கேட்க மலிவு. மாசம் முழுக்க ஓட்டினால் 72 டாலர். அன்றைக்கு 3,000 ரூபாய்க்கு மேல். நம் வகுப்புக்கு அது கட்டுப்படியாகாது.

சரி, இப்போது நம் கதை.

2008-இல் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கினோம். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிகளைக் கதை சொல்லவைத்துப் பதிவு செய்வது என்று ஒரு யோசனை வந்தது. அண்ணாச்சியின் அம்மா அந்த வருஷம் வந்திருந்தார். தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதையையும் பல்லாங்குழி ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பதினொரு நிமிஷம். அதைப்போல முப்பதுக்கும் மேற்பட்ட குரல்கள் சேர்ந்தன.

இவற்றை வைக்க ஓர் இடம் வேண்டுமே. வீட்டிலேயே சர்வர் வைக்கலாம் என்று ஒரு மலிவுக் கணினி வாங்கினேன். அப்போது கே.வி.எம். புதிதாக வந்திருந்தது. இஸ்ரேலின் கும்ரானெட் என்ற சின்னக் கம்பெனியில் ஆவி கிவிட்டி எழுதியது. 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-இல் சேர்ந்துவிட்டது. லினக்ஸ் கெர்னலையே வீட்டுக்காரராக மாற்றிவிடும் வித்தை, அதுவும் இலவசமாக. ஆனால் அது ஓட சிப்பிலேயே மெய்நிகர் வசதி வேண்டும். இன்டெல் 2005-இலும், ஏ.எம்.டி. 2006-இலும் அந்த வசதியைக் கொண்டுவந்திருந்தன. ஆனால் விலை குறைந்த சிப்கள் பலவற்றில் அது கிடையாது. நான் வாங்கியதிலும் இல்லை. வாங்குமுன் பார்க்காதது என் தப்பு. 370/155 வாங்கியவர்களின் சோகம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

வேறு வழியில்லாமல் வெளிநாட்டில் ஒரு மலிவு கன்டெய்னர் சர்வரை வருஷச் சந்தாவில் எடுத்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கம்பெனி இன்றைக்கு இல்லை. 256 எம்.பி. ரேம் என்று போட்டிருந்தார்கள். உண்மையில் எல்லாக் குடித்தனக்காரர்களும் ஒரே நேரத்தில் குளிக்கக் கிளம்பினால் கிணறு வற்றிவிடும். ராத்திரி எட்டு மணிக்குத் தளம் திறக்காது. அதையும் சகித்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினோம். 2011-இல் ஒரு காலையில் சர்வர் இல்லை. கம்பெனியின் தளமும் இல்லை. மெயில் போட்டால் திரும்பி வந்தது.

"பேக்கப்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருந்தது. அதே கம்பெனியின் இன்னொரு சர்வரில்.

வகுப்பில் அதைச் சொன்ன நாளை நான் மறக்க மாட்டேன். யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்குள் அந்தப் பெரியவர்களில் நாலு பேர் காலமாகிவிட்டார்கள். பிறகு வீடு வீடாகக் கேட்டு, பழைய சி.டி., செல்போன் மெமரி கார்டு, யாரோ மெயிலில் அனுப்பிய இணைப்பு என்று தேடித் தேடி இருபத்தியிரண்டு பதிவுகளை மீட்டோம். அண்ணாச்சி அம்மாவுடையது ஒரு சி.டி.யில் கிடைத்தது. சி.டி. கீறியிருந்ததால் ஆறு நிமிஷம்தான் தேறியது. வெள்ளக் கதை போய்விட்டது, பல்லாங்குழி மிச்சம்.

அதற்குப் பிறகு உலகமும் மாறியது. 2013 ஜனவரியில் டிஜிட்டல் ஓஷன் மாதம் 5 டாலருக்கு 512 எம்.பி. ரேமும் 20 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கொடுத்தது. அன்றைய மதிப்பில் 300 ரூபாய்க்கும் குறைவு. மற்றவர்களும் விலையை இறக்கினார்கள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைகள் வெளியானபோது, ஒண்டிக்குடித்தனத்தின் சுவர் எவ்வளவு மெல்லியது, பக்கத்துப் போர்ஷன் பேச்சு எப்படிக் கேட்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது.

இலவசம் என்பதன் அர்த்தமும் தெரிந்தது. வி.எம்.வேர் 2008-இல் தன் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. ஹைப்பர்வைசரை இலவசமாகக் கொடுத்தது. உலகம் முழுக்க வீட்டு சர்வர்க்காரர்கள் அதைப் போட்டார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பது நின்றது, 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் நின்றது. 2025 ஏப்ரலில் இலவசப் பதிப்பு திரும்ப வந்தது. ஆனால் அதற்குள் பலர் வீடு மாறிவிட்டார்கள். அதே 2008-இல் வியன்னாவிலிருந்து வந்த பிராக்ஸ்மாக்ஸ் திறந்த மூலம். கன்டெய்னர், முழுக் கணினி இரண்டையும் ஒரே திரையில் நடத்தலாம். நான் ஆரம்பத்திலிருந்து கட்சி மாறாமல் இருந்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, புதுசாகக் கற்க சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஏற்பாடு இது. 2021-இல் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு சின்ன ஆபீஸ் கணினி, 16 ஜி.பி. ரேம். அலுவலகங்கள் கழிக்கும் பெரிய சர்வர்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், ஆசைப்படாதீர்கள். கணக்குப் போடுங்கள்: 150 வாட் இழுத்தால் மாதம் 108 யூனிட். என் சின்னப் பெட்டி சராசரி 25 வாட், மாதம் 18 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் 1,080 எங்கே, 180 எங்கே!

16 ஜி.பி.யில் 2 வீட்டுக்காரருக்கு. வகுப்புத் தளத்துக்கு ஒரு கன்டெய்னர், 1 ஜி.பி. படங்களும் குரல்களும் இருக்கும் இடத்துக்கு 4. பையன் கற்றுக்கொள்ள, உடைத்தாலும் பரவாயில்லை என்று ஒரு முழு மெய்நிகர் கணினி, 4. பேக்கப் வேலைக்கு 2. மொத்தம் 13. மிச்சம் 3 ஜி.பி.யை யாருக்கும் வாடகைக்கு விடுவதில்லை. கிணறு வற்றிய அனுபவம்!

நம் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றுக்கு வெளியிலிருந்து வரக்கூடிய சொந்த முகவரி கிடையாது. ஆகவே வெளியே ஒரு குட்டி சர்வர் வாடகைக்கு, மாதம் 450 ரூபாய். அது வாசல் மட்டும். வாசலில் வந்தவரை வயர்கார்டு சுரங்கம் வழியாக வீட்டுக்குள் அழைத்து வரும். மொத்தம் 630 ரூபாய். பதினான்கு குடும்பம், தலைக்கு 50. வரவு 700. மிச்சம் 70 ரூபாய் அடுத்த ஹார்ட் டிஸ்குக்கு உண்டியலில்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்னாப்ஷாட் எடுப்பது பேக்கப் இல்லை. அது அதே வீட்டில் இன்னொரு பீரோ. வீடு எரிந்தால் பீரோவும் எரியும். எங்கள் பேக்கப் தினமும் ராத்திரி இரண்டாவது டிஸ்கில் இறங்கும். மாதம் ஒருமுறை இன்னொரு டிஸ்க் ஊருக்குப் போகிறவர் கையில் கோவில்பட்டிக்குப் போய், பழையது திரும்ப வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பதிவைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போட்டுக் கேட்டுப் பார்ப்பேன். கேட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வந்தார். காபி குடித்துவிட்டு உட்கார்ந்தார். ஆறு நிமிஷம். பின்னால் பிள்ளைகள் கத்துவதும், சோழி விழும் சத்தமும், நடுவில் "எலேய், குழியை எண்ணுல" என்று அவர் அம்மா அதட்டுவதும் கேட்டன. முடிந்ததும் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளக் கதையைப் பற்றி நான் திரும்பவும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"அந்தக் கதை எனக்குத் தெரியும்ல. நான் சொல்லுதேன், பிடிச்சுக்கோங்க."

பிடித்துக்கொண்டேன். பதினேழு நிமிஷம். கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"உங்க மிஷின்ல இருக்கட்டும் தம்பி. எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்துருங்க. நம்ம கையிலயும் ஒண்ணு இருக்கணும்லா?"

பி.கு.: வீட்டில் பழைய கேசட், சி.டி. வைத்திருப்பவர்கள் இந்த மழைக்காலம் முடிவதற்குள் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடிக்கும். சர்வர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.